பகலில் சைக்கிள்... மாலையில் மேட்ச்!

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்களை வருஷம் முழுக்க என் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகும்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கும். ஆறு மாசம் கழித்து வரும்போது எடையும் சர்க்கரையும் கைகோத்துக்கொண்டு ஏறியிருக்கும். 'அங்கே என்னதான் பண்ணினீங்க?' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். 'ஒண்ணும் பண்ணலீங்க டாக்டர்... வீட்லயே இருந்தோம்!'

அந்த 'ஒண்ணும் பண்ணல'தான் வியாதி!

அதே வீட்டில் இருக்கும் பையனைப் பாருங்கள். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால். சனிக்கிழமை விடிந்தால் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் பறப்பான். எத்தனை கிலோமீட்டர், எத்தனை கலோரி, இதயம் எத்தனை துடித்தது... எல்லாம் கணக்கு. சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேருவான்.

ஒருவர் அசைவதே இல்லை. இன்னொருவர் நிற்பதே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மருந்துச் சீட்டு எழுதுகிறேன்: பகலில் அவசரமில்லாமல் சைக்கிள். மாலையில் அந்த ஊர் சின்ன மைதானத்தில் ஒரு பேஸ்பால் மேட்ச்.

சிரிக்காதீர்கள்! சொல்கிறவன் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 2023 கோடையில் என் அக்கா மகனோடு நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவிலிருந்து சிராக்யூஸ் வரை சுமார் 300 கிலோமீட்டர் சைக்கிளில் போனேன். அவன் கேட்டது மூன்று நாள். நான் எடுத்துக்கொண்டது எட்டு நாள். 'மாமா, சீக்கிரம் முடிச்சிடலாம் மாமா' என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். 'முடிக்கிறதுக்கா மாப்ளே வந்தோம்?' என்று நானும் கேட்டுக்கொண்டே மிதித்தேன்.

கோவேறு கழுதை போட்டுக் கொடுத்த பாதை

நியூயார்க் என்றதும் நமக்கு வானத்தை முட்டும் கட்டடங்கள்தான் கண்ணுக்குள் வரும். ஆனால் நியூயார்க் மாநிலத்தில் அந்த நகரம் ஒரு மூலைதான். மாநிலத்தின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஈரி கால்வாய் ஓடுகிறது. 1817-ல் வெட்ட ஆரம்பித்து 1825-ல் திறந்தார்கள். பஃபலோவிலிருந்து ஆல்பனி வரை 580 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். அந்தக் காலத்துப் படகுக்கு எஞ்சின் கிடையாது. கரையில் கோவேறு கழுதைகளும் குதிரைகளும் நடந்து, கயிறு கட்டிப் படகை இழுத்தன. அந்தக் கரையும், பக்கத்திலிருந்த பழைய ரயில் தடங்களும்தான் இன்று பெரும்பாலும் சைக்கிள் பாதையாக இருக்கின்றன. 2020 கடைசியில் முழுமை பெற்ற 'எம்பயர் ஸ்டேட் டிரெயில்' என்ற 1,200 கிலோமீட்டர் பாதையில் இது ஒரு பகுதி.

கழுதை இழுத்த பாதை என்பதால் மேடு பள்ளம் குறைவு. பஃபலோ பக்கம் உயரம். ஆல்பனி அதைவிடச் சுமார் 170 மீட்டர் தாழ்வு. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே போவது மூட்டுக்கு நல்லது. லாக்போர்ட் ஊரில் தண்ணீரை அடைத்துப் படகை ஏற்றி இறக்கும் மதகுகளைத் தாண்டினால், ராச்செஸ்டர் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தட்டையான தரை. நடுவில் மெடினா, ஆல்பியன், பிராக்போர்ட் என்று பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு ஓர் ஊர். தண்ணீர் பிடிக்கலாம், ஒதுங்கலாம், பெஞ்சில் உட்காரலாம். படகு வந்தால் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும் இரும்புப் பாலங்களை வேடிக்கை பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கு இதைவிட மரியாதையான பாதை கிடைக்காது.

இந்தப் பாதையில் இன்னொரு அதிர்ஷ்டம் இருக்கிறது. பஃபலோ, ராச்செஸ்டர், சிராக்யூஸ் மூன்று ஊரிலும் மைனர் லீக் பேஸ்பால் குழு உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர். மூன்று நாள் சைக்கிள், ஒரு மாலை மேட்ச்... இப்படி அளந்து போட்டது போல இருக்கிறது!

அது என்ன மைனர் லீக்?

டி.வி.யில் வருகிற பெரிய பேஸ்பால் குழுக்கள் முப்பது. ஒவ்வொன்றுக்கும் கீழே, ஆட்டக்காரர்களைப் பழக்கி அனுப்ப நான்கு படியில் நான்கு சின்னக் குழுக்கள். ஆக 120. 2021-ல் இருந்து இதுதான் கணக்கு. உச்சிப் படிக்கு 'டிரிபிள் ஏ' என்று பெயர். நான் சொன்ன மூன்று ஊரும் அந்தப் படியில் இருப்பவை. பஃபலோ பைசன்ஸ் டொரான்டோ குழுவுக்கும், ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் வாஷிங்டன் குழுவுக்கும், சிராக்யூஸ் மெட்ஸ் நியூயார்க் மெட்ஸுக்கும் ஆட்களை அனுப்புகின்றன.

கிரிக்கெட் தெரிந்தவருக்கு ஆட்டம் புரியப் பத்து நிமிஷம் போதும். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று பேர் அவுட் ஆனால் எதிரணி மட்டையெடுக்கும். ஓடுகிற தடம் சதுரம். நான்கு மூலையையும் தொட்டுத் திரும்பினால் ஒரு ரன். இவ்வளவுதான். புரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டால் ஆர்வமாகச் சொல்லித் தருவார். நமக்கும் வேண்டியது அந்தப் பேச்சுதானே!

பெரிய குழுக்களின் மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுற்றும். சின்ன மைதானத்தில் கூட்டமும் கம்மி, விலையும் கம்மி. பந்து வீசுகிற பையனின் முகத்து வியர்வை தெரிகிற தூரத்தில் உட்காரலாம். ராச்செஸ்டர் குழுவுக்கு இன்னொரு விசேஷம். 1957-ல் குழு கைவிட்டுப் போகும் நிலை வந்தபோது ஊர் ஜனங்களே பங்கு வாங்கி அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். இன்று வரை அது ஊர்க்காரர்களின் சொத்து. அதனால்தான் அங்கே பாட்டி, பேரன், பால் குடிக்கிற குழந்தை எல்லாம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள். நம்ம ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போவது மாதிரி!

பதினான்கு வேகங்கள்

'சரி டாக்டர், இதுல மருத்துவம் எங்கே வந்தது?' என்று கேட்பீர்கள். வருகிறேன்.

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள்' என்று பதினான்கைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவை உடம்பு தானாகக் கேட்பவை. அடக்கினால் ஒவ்வொன்றும் ஒரு நோயாகத் திரும்பி வரும் என்பது கல்லூரியில் நாங்கள் படித்த அடிப்படைப் பாடம்.

அவசரமாகச் சைக்கிளில் போகிறவனைக் கவனியுங்கள். தண்ணீர் குடித்தால் நிற்க வேண்டி வருமே என்று தாகத்தை அடக்குவான். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிறுநீரை அடக்குவான். வேகம் குறையுமே என்று பசியை அடக்குவான். கால் கெஞ்சும்போது இளைப்பை அடக்குவான். ராத்திரி சீக்கிரம் படுப்பானா என்றால், அன்றைய கணக்கைப் போனில் நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டு தூக்கத்தையும் அடக்குவான். ஒரே நாளில் ஐந்து வேகம்! உடற்பயிற்சி செய்கிறேன் என்று பெயர். உள்ளே வாதம் ஏறிக்கொண்டிருக்கும். வெயில் சேர்ந்தால் பித்தமும் துணைக்கு வரும். கை விரல் மரத்துப்போவது, முதுகுப் பிடிப்பு, தூக்கமில்லாமல் புரளுவது எல்லாம் அதற்கப்புறம்தான்.

வீட்டிலேயே இருக்கிற அப்பா, அம்மா அடக்குவது வேறு ஒன்று. கண்ணீர்! பையனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு பேச ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மனித நடமாட்டமே இல்லை. பிள்ளை மனசு நோகுமே என்று அதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. ஊர் திரும்பிய ஓர் அம்மா, என் முன்னால் உட்கார்ந்து 'நல்லாத்தான் வெச்சிருந்தாங்க டாக்டர்' என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் அழுதார்கள். நான் தடுக்கவில்லை. அழுது முடித்தபிறகுதான் நாடியே பிடித்தேன்.

மாலை மேட்ச் இந்த இரண்டு பேருக்கும் என்ன செய்கிறது?

முதலாவது, சைக்கிள்காரனை ஓரிடத்தில் உட்கார வைக்கிறது. ஏழு மணி வாக்கில் ஆட்டம் என்றால் நாலு மணிக்காவது ஊர் போய்ச் சேர வேண்டும், குளிக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். ஆகவே அன்றைக்கு நூறு கிலோமீட்டர் ஆசை தானாகக் குறைந்து ஐம்பதாகும். ராச்செஸ்டரில் இப்படித்தான் நடந்தது. கால்வாய்ப் பாதையிலிருந்து பிரிந்து ஜெனசி ஆற்றோரமாக ஐந்தாறு கிலோமீட்டர் போனால் ஊரின் நடுப்பகுதி வந்துவிடும். கோடக் கம்பெனியின் பழைய கோபுரம் தெரிகிற இடத்தில் மைதானம். அறைக்குப் போய்க் குளித்து, கால்மணி நேரம் படுத்து எழுந்து, நடந்தே போனோம். ஜூலையில் அங்கே சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகும். புல்வெளியில் நிழல் மெதுவாக நீளுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அந்த இரண்டரை மணி நேரத்தில் என் மருமகன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது இன்னிங்ஸில் அதைக் கழற்றிப் பையில் போட்டதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, தனியாக இருப்பவருக்குப் பேச்சுத்துணை தருகிறது. எனக்கு அடுத்த சீட்டில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். மடியில் ஸ்கோர் புத்தகம், கையில் பென்சில். ஒவ்வொரு பந்தையும் சின்னச் சின்னக் குறியாகக் குறித்துக்கொண்டிருந்தார். மனைவி இருந்தபோது இரண்டு பேருமாக வருவார்களாம். இப்போது தனியாக வருகிறாராம். 'வீட்டில் இருந்தால் யாரிடம் பேசுவது?' என்றார். எட்டாவது இன்னிங்ஸில் உள்ளூர்ப் பையன் ஒருவன் பந்தைச் சுவருக்கு வெளியே அடித்தபோது அவர் போட்ட சத்தம் இருக்கிறதே... இருபது வயசுக்காரன் தோற்றான்! மனசைத் திறந்து கத்துவதும், சிரிப்பதும், பக்கத்திலிருப்பவர் கையைத் தட்டுவதும் பெரிய வைத்தியம். எந்த மாத்திரையிலும் அதை அடைத்துத் தர முடியாது.

ஏழாவது இன்னிங்ஸில் எழுந்திருங்கள்

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும். கையைக் காலை நீட்டி, 1908-ல் வந்த ஒரு பழைய பேஸ்பால் பாட்டைச் சேர்ந்து பாடிவிட்டு உட்காரும். குழந்தை முதல் கிழவர் வரை!

சாப்பிட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், நடுநடுவே எழுந்து கொஞ்சம் நடந்தால் அந்த ஏற்றம் குறையும் என்று இன்றைய ஆராய்ச்சிகள் சொல்கின்றன. பகலெல்லாம் மிதித்த கால் ஒரே நிலையில் மடங்கியிருந்தால் ஆடுசதை கல்லாகிவிடும். நீங்கள் ஏழாவது இன்னிங்ஸ் வரை காத்திருக்கவே வேண்டாம். இரண்டு இன்னிங்ஸுக்கு ஒருமுறை எழுந்து படிக்கட்டில் ஒரு நடை போய் வாருங்கள். இங்கே மெகா சீரியல் பார்க்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். விளம்பரம் வரும்போது எழுந்து நில்லுங்கள்!

தூக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை பேஸ்பாலிலேயே மிக நீளமான ஆட்டம் ஆடியது இதே ராச்செஸ்டர் குழுதான். 1981 ஏப்ரல் 18-ம் தேதி ராத்திரி, ரோட் ஐலண்டு மாநிலத்துப் பாட்டக்கெட்டில். சமநிலை உடையாமல் இன்னிங்ஸ் மேல் இன்னிங்ஸாகப் போய், 32 இன்னிங்ஸ் முடிந்து விடியற்காலை 4 மணி 7 நிமிஷத்துக்கு நிறுத்தினார்கள். குளிர் தாங்காமல் ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் காய்ந்தார்களாம். ரசிகர்களில் மிச்சமிருந்தது 19 பேர்! ஜூன் 23-ல் மீதியை ஆடியபோது 18 நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ராச்செஸ்டர் 3-2 என்று தோற்றது. அங்கே அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் சைக்கிளில் வந்தவர் பத்து மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். பந்து வீச நேரக் கட்டுப்பாடு வைத்து, 2022 முதல் மைனர் லீக் ஆட்டங்களைச் சுமார் 25 நிமிஷம் குறைத்துவிட்டார்கள். ரசிகர்களில் சிலருக்கு வருத்தம். எனக்குச் சந்தோஷம்.

வாயைக் கட்டுங்கள்!

இனிமேல்தான் கண்டிப்பு. மைதானத்துச் சாப்பாடு நம் உடம்புக்கு எதிரி.

ஹாட் டாக் இல்லாமல் பேஸ்பால் இல்லை. பஃபலோ மைதானத்துக்குப் பெயரே ஒரு ஹாட் டாக் கம்பெனியுடையது! ராச்செஸ்டரில் 'கார்பேஜ் பிளேட்' என்று ஒன்று. தமிழில் சொன்னால் குப்பைத் தட்டு. உருளைக்கிழங்கு, மக்ரோனி, அதன்மேல் இறைச்சி, அதன்மேல் காரமான இறைச்சிக் குழம்பு, வெங்காயம், கடுகு விழுது... எல்லாம் ஒரே குவியலாக. ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். சில நாள் குழுவே 'ராச்செஸ்டர் பிளேட்ஸ்' என்ற பெயரில் ஆடும்!

பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் சேர்த்துவிட்டது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவிகிதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு ஹாட் டாக்கே ஏறக்குறைய அவ்வளவு எடை. 'ஒரு நாள்தானே டாக்டர்' என்பீர்கள். ஒரு நாள் என்றால் நான் சண்டை போட மாட்டேன். எட்டு நாளும் என்றால் போடுவேன்.

நல்லதும் இருக்கிறது. தோலோடு வறுத்த வேர்க்கடலை அந்த மைதானங்களின் பழைய பண்டம். ஒவ்வொன்றாக உரித்து, மென்று தின்றால் ஒரு பொட்டலம் இரண்டு இன்னிங்ஸ் தாங்கும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம்ம பாட்டிகள் சொன்னது இதைத்தானே! உப்பு சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

சிராக்யூஸில் இன்னொரு பண்டம். ஒரு காலத்தில் உப்புக் காய்ச்சிய ஊர் அது. 'உப்பு நகரம்' என்றே பெயர். உப்பளத் தொழிலாளிகள் சின்ன உருளைக்கிழங்கைக் கொட்டை கொட்டையாக உப்புத் தண்ணீரில் வேகவைத்துத் தின்றார்களாம். இன்றும் 'சால்ட் பொட்டேட்டோ' என்று வெண்ணெய் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வெயிலில் வியர்வை கொட்டச் சைக்கிள் மிதித்த இளைஞனுக்கு இது தப்பில்லை. போன உப்பு திரும்பி வரும். காரில் வந்து இறங்கிய ரத்தக்கொதிப்புக்காரர் தொடக்கூடாது. ஒரே பண்டம், உடம்பைப் பொறுத்து மருந்தாகவும் விஷமாகவும் ஆகிறது, பாருங்கள்.

மோர் கிடைக்காதே என்று ஏங்க வேண்டாம். எந்த ஊர்க் கடையிலும் சர்க்கரை போடாத தயிர் உண்டு. தண்ணீர் விட்டுக் கலக்கி, ஒரு சிட்டிகை உப்பும் தட்டிய இஞ்சியும் போட்டால் மோர்தான். குளித்ததும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு மைதானத்துக்குப் போனால் பாதி ஆசை அடங்கிவிடும். பீர்? வெயிலில் காய்ந்த உடம்பிலிருந்து இருக்கிற நீரையும் அது இறக்கிவிடும். அதற்கு மேல் சைக்கிள் ஓட்டுவது தற்கொலை முயற்சி!

புகையிலையை விரட்டிய சின்ன லீக்

பேஸ்பாலுக்கு ஒரு கெட்ட பழக்கம் நெடுங்காலம் இருந்தது. கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வது. ஆட்டத்தில் காத்திருக்கும் நேரம் அதிகம். காத்திருக்கும் வாய் எதையாவது கேட்கும். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் கண்ட கண்ட பாக்கெட்டைக் கிழித்து உதட்டுக்குள் ஒதுக்குகிறார்களே, அதே கதைதான்.

மைனர் லீக்கில் இதை 1993-லேயே தடை செய்தார்கள். பெரிய லீக்கில் புதிதாக வருகிறவர்களுக்குத் தடை போட 2016 ஆகிவிட்டது. அதற்குள் டோனி க்வின் என்ற மகத்தான ஆட்டக்காரர் 2014-ல் 54 வயதில் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் இறந்துபோனார். மென்ற புகையிலைதான் காரணம் என்று அவரே நம்பினார். அமெரிக்கா முழுக்க அது ஓர் அடி.

இப்போது ஆட்டக்காரர்கள் சூரியகாந்தி விதையைக் கொறிக்கிறார்கள், சூயிங் கம் மெல்லுகிறார்கள். புகையிலை மாதிரியே துருவி உறையில் அடைத்த சூயிங் கம் ஒன்று 1980 முதல் விற்கிறது. அதை யோசித்தவர் ராப் நெல்சன் என்ற சின்னக் குழு ஆட்டக்காரர். கெட்டதை விட, வாய்க்கு ஒரு மாற்று வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் வருகிற புகையிலைக்காரர்களுக்கு நானும் ஏலக்காய், கிராம்பு, உலர்ந்த நெல்லிக்காய் என்றுதான் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் பையன்கள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு மொழியில் சொன்னால் காதில் ஏறும்.

'இந்த வயசுலயா?' என்பவர்களுக்கு

ஒரு பெரியவர் கோபமாகவே கேட்டார். 'டாக்டர், நான் ரிட்டயர்டு ஆள். பேரனைப் பார்க்கப் போறேனா, சைக்கிள் மிதிக்கப் போறேனா?' நியாயமான கேள்வி. எல்லோரும் முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டாம். கால்வாய் ஊர்களில் வாடகை சைக்கிள் கிடைக்கிறது. பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். சாயங்காலம் பேரனையும் கூட்டிக்கொண்டு மேட்ச் பாருங்கள். பேரன் ஆட்டத்தைச் சொல்லித் தருவான். தாத்தாவுக்குத் தான் சொல்லித் தருகிறோம் என்று அவனுக்குக் கால் தரையில் நிற்காது. நயாகராவில் எடுத்த போட்டோவைவிட அது நாள்பட நிற்கும்.

போகிறவர்கள் இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்:

* இங்கேயே இரண்டு மாசம் முன்னதாகச் சைக்கிள் பழகுங்கள். முதல் வாரம் தினம் மூன்று கிலோமீட்டர் போதும்.

* நெஞ்சுவலி, கட்டுப்படாத ரத்தக்கொதிப்பு, தலைசுற்றல், ஆபரேஷன் செய்யாத கண்புரை உள்ளவர்கள் சைக்கிளைத் தொட வேண்டாம். மேட்ச் மட்டும் பார்க்கலாம்.

* இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு மிதிக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். உங்கள் டாக்டரைக் கேட்டு அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை மிட்டாய் கட்டாயம்.

* ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். தண்ணீர் குடியுங்கள், ஒதுங்குங்கள், கை விரல்களை விரித்து மடக்குங்கள்.

* பாதையோரப் புல்லில் உண்ணி இருக்கும். அது கடித்தால் 'லைம்' என்ற காய்ச்சல் நோய் வரக்கூடும். ராத்திரி குளிக்கும்போது கால், தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்து படர்ந்தால் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காராமல் அங்குள்ள டாக்டரிடம் போங்கள்.

* முழங்காலுக்கு ராத்திரியில் இளஞ்சூடான நல்லெண்ணெய் தடவலாம். வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்காதீர்கள். ஓய்வுதான் மருந்து.

* திங்கட்கிழமை பெரும்பாலும் மேட்ச் இருக்காது. குழு வெளியூர் போயிருக்கும் வாரங்களும் உண்டு. அட்டவணையைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

* வலைக்குப் பின்னால் சீட் கேளுங்கள். மட்டையில் பட்டுத் தெறிக்கும் பந்து கல் மாதிரி வரும்.

* மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குங்கள். ராத்திரி சைக்கிள் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. அந்த மாநிலத்தில் அது சட்டம்.

* பழைய நோய்க்கும் சேர்த்து மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு பிளேன் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறீர்கள், பெரிய கார் வைத்திருக்கிறீர்கள், ஃபிரிட்ஜ் நிறையச் சாமான் வாங்கி வைக்கிறீர்கள். எல்லாம் சரிதான். ஒரு மாலை அவர்கள் பக்கத்தில், அவசரமே இல்லாமல், புல்வெளியைப் பார்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தீர்களா? உங்கள் சைக்கிளும் நிற்கட்டும், கடிகாரமும் பைக்குள் போகட்டும். பக்கத்தில் எப்போதும் மைனர் லீக் மைதானம் இருக்க வேண்டும் என்பதில்லை. தெருமுனை ஸ்கூல் மைதானத்தில் பையன்கள் ஆடினாலும் போதும். மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்பது மறுநாளே மறந்துவிடும். ராத்திரி அப்பா நன்றாகத் தூங்கினாரா என்று மட்டும் காலையில் கேட்டுப் பாருங்கள்!